நின்ற இடத்தில் பிளந்த கப்பல்

1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகரக் கப்பல்துறையில் 'ஷெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல் கரையோடு பிணைக்கப்பட்டு நின்றிருந்தது. சுமார் 160 மீட்டர் நீளம். கட்டி முடித்து இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. வெள்ளோட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. காற்று உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிர்ந்திருந்தது. ஆற்று நீரின் வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ்.

திடீரென்று இடி இடித்தாற்போல ஓர் ஓசை. ஒரு மைல் தொலைவிலும் அது கேட்டது. கப்பலின் மேல்தளத்தில் நடுப்பகுதிக்கு அருகே விரிசல் கண்டு, இரு பக்கச் சுவர்களையும் கிழித்துக்கொண்டு அடிப்பகுதிவரை ஓடிவிட்டது. அடித்தகடு மட்டுமே கப்பலைச் சேர்த்துப் பிடித்திருந்தது. நடுப்பகுதி நீருக்கு மேலே எழும்ப, முன்னும் பின்னும் ஆற்றுச் சேற்றில் அமர்ந்தன.

எந்தப் பாறையிலும் மோதாமல், நின்ற இடத்திலேயே ஓர் எஃகுக் கப்பல் எப்படி இரண்டாகப் பிளந்தது? அக்காலக் கப்பல் தகடுகளை விதிமுறைப்படி இழுத்துச் சோதிப்பது வழக்கம். அப்படியிருந்தும் அதன் தகடுகள் கண்ணாடிபோல் உடைந்தன. இந்தப் புதிருக்கு விடை கப்பல் பொறியியலில் மட்டும் இல்லை. இரும்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. அந்த அடுக்கைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு சிறு ஊசியிலிருந்து தொடங்குவோம்.

ஓர் ஊசி, மூன்று குணங்கள்

வகுப்பில் ஆண்டுதோறும் நான் செய்து காட்டும் சோதனை இது. நீங்களும் செய்யலாம், ஆனால் ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், உடைக்கும்போது ஊசியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்று தையல் ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறட்டால் பிடித்து, மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கின் நீலச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சுங்கள். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி, மெதுவாக ஆறவிடுங்கள். மற்ற இரண்டையும் சிவப்பு மாறுவதற்குள் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டுங்கள். அதன் மேற்பரப்பில் மஞ்சள், பழுப்பு, ஊதா என நிறங்கள் ஓடி நீலம் தோன்றும். நீலம் கண்டதும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது மூன்றையும் வளைத்துப் பாருங்கள். மெதுவாக ஆறிய ஊசி கம்பிபோல் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். தண்ணீரில் குளித்த ஊசி சற்றும் வளையாமல் 'பட்' என்று ஒடியும். நீலம் கண்ட ஊசி வளையும். விட்டதும் வில்போல் நிமிர்ந்துவிடும்.

மூன்றிலும் இருப்பது அதே இரும்பு, அதே சிறிதளவு கரி. எதையும் நாம் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. மாறியது அணுக்களின் இருப்பிடம் மட்டுமே. ஒரு பொருள் எதனால் ஆனது என்று கேட்டால் மட்டும் போதாது. அதன் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன, அப்படி அமரும்படி அதை என்ன செய்தோம் என்றும் கேட்க வேண்டும்.

அணுக்களின் அணிவகுப்பு

உப்பும் கற்கண்டும் படிகங்கள் என்பதை அறிவீர்கள். இரும்பும் செம்பும் அலுமினியமும்கூடப் படிகங்களே. ஆனால் ஓர் இரும்புத் துண்டு ஒரே பெரிய படிகம் அன்று. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு படிகங்கள் நெருங்கி ஒட்டிய தொகுதி அது. இச்சிறு படிகங்களை 'மணிகள்' என்பர். பெரும்பாலும் ஒரு மணியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை இருக்கும்.

ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. உலோகங்களில் பெரிதும் காணப்படும் அடுக்குகளுள் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒரு கனசதுரப் பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். எட்டு மூலைகளிலும் எட்டு அணுக்கள். பெட்டியின் நட்டநடுவே ஓர் அணு. இது பொருள்மையக் கனசதுரம். நடுவில் அணு இல்லாமல், பெட்டியின் ஆறு பக்கங்களின் மையத்திலும் ஒவ்வோர் அணு இருந்தால் அது முகமையக் கனசதுரம். முன்னதில் ஒவ்வோர் அணுவுக்கும் 8 அண்டை அணுக்கள்; பின்னதில் 12. முன்னதில் இடத்தின் 68 விழுக்காட்டை அணுக்கள் நிரப்புகின்றன. பின்னதில் 74 விழுக்காட்டை. முகமைய அடுக்குதான் நெருக்கமானது.

செம்பு, அலுமினியம், பொன், வெள்ளி ஆகியவை முகமைய வகை. இரும்போ இரண்டு வேடமும் போடும். சாதாரண வெப்பநிலையில் அது பொருள்மைய வகை. 912 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முகமைய அடுக்குக்கு மாறிவிடும். கொல்லரின் தொழில் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் மேல் நிற்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு காந்தத்தை இரும்புத் தோசைக்கல்லில் வையுங்கள், ஒட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள், பலவற்றில் ஒட்டாது. நிக்கல் போன்றவற்றைச் சேர்த்ததால், அந்த எஃகு அறை வெப்பநிலையிலும் முகமைய அடுக்கிலேயே நின்றுவிடுகிறது. அந்த அடுக்கில் உள்ள இரும்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனால் அதே பாத்திரத்தின் ஆழமாக அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்; சிலவற்றில் சற்றே ஒட்டும். வளைத்த வேகத்தில் அங்கே சில அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறிவிட்டன என்பதற்கு அது சாட்சி. நிக்கல் சேராத வேறு வகை எஃகால் செய்த பாத்திரமானால் எல்லா இடத்திலும் ஒட்டும்.

கணக்கும் உண்மையும்

ஒரு செம்புக் கம்பியை வளைக்கும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன, சீட்டுக்கட்டை ஒரு பக்கமாகத் தள்ளுவதுபோல. ஓர் அடுக்கு முழுவதையும் ஒரே சமயத்தில் சறுக்கவைக்க எவ்வளவு விசை வேண்டும்? இரஷ்ய அறிவியலறிஞர் பிரெங்கெல் 1926இல் இதைக் கணக்கிட்டார். விடை வியப்பூட்டியது. உண்மையான தூய செம்புப் படிகம், கணக்கு சொன்ன விசையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையிலேயே சறுக்கிவிடுகிறது!

கணக்கில் பிழை இல்லை. 'ஒரே சமயத்தில்' என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவர் தனித்தனியே இதைச் சுட்டிக்காட்டினர். படிகத்தின் அணிவகுப்பில் குறைகள் உண்டு என்றனர்.

நாற்று நட்ட வயலை நினைத்துப் பாருங்கள். ஒரு வரப்பின் பக்கம் எண்ணினால் 11 வரிசைகள். எதிர் வரப்பின் பக்கம் எண்ணினால் 10. இடையில் எங்கோ ஒரு வரிசை பாதியிலேயே நின்றுவிட்டது. படிகத்திலும் இப்படி ஓர் அணுத்தளம் பாதியில் நின்றுவிடுவதுண்டு. அது நிற்கும் விளிம்புக்கு 'இடப்பிறழ்வு' என்று பெயர்.

இந்தக் குறை எப்படிச் சறுக்கலை எளிதாக்குகிறது? கல்யாண மண்டபத்தில் நீண்ட ஜமக்காளம் விரித்திருக்கிறார்கள். அதை ஒரு சாண் நகர்த்த வேண்டும். முனையைப் பிடித்து இழுத்தால் நாலு பேர் சேர்ந்தாலும் கடினம். ஒரு முனையில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு சிறுவனே ஜமக்காளம் முழுவதையும் நகர்த்திவிடுவான். படிகத்தில் அந்த மடிப்புதான் இடப்பிறழ்வு. அது ஓடி முடிந்ததும் ஓர் அடுக்கு முழுவதும் ஓர் அணு அளவு நகர்ந்திருக்கும். 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷும் அவருடைய குழுவினரும் மின்னணு நுண்ணோக்கியில் இடப்பிறழ்வுகள் நகர்வதைக் கண்ணாலேயே கண்டனர்.

எனவே உலோகத்தை வலுவாக்குவது என்றால், அந்த மடிப்பு ஓடும் வழியில் தடை போடுவது என்று பொருள்.

தடை போடும் வழிகள்

முதல் வழி, அடிப்பது. மென்மையான உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைப் பத்து லட்சம் அளவில் இடப்பிறழ்வுக் கோடுகள் வெட்டிச் செல்லும். அதை அடித்து நீட்டினால் அந்த எண்ணிக்கை பத்தாயிரம் கோடியையும் தாண்டும். நெரிசல் மிகுந்த தெருவில் வண்டிகள் ஒன்றையொன்று மறிப்பதுபோல அவை சிக்கிக்கொள்கின்றன. உலோகம் இறுகுகிறது. செம்புப் பாத்திரம் செய்பவர் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தித் தீயில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டத் தட்ட இறுகிய தகடு, மேலும் தட்டினால் வெடிக்கும். காய்ச்சியதும் சிக்கல்கள் கரைந்து, குறையற்ற புது மணிகள் பிறக்கின்றன. தகடு மீண்டும் இளகுகிறது.

இரண்டாம் வழி, வேற்று அணுக்களைக் கலப்பது. அளவில் மாறுபட்ட அணுக்கள் அணிவகுப்பில் மேடுபள்ளம் உண்டாக்குகின்றன. மடிப்பு அங்கே தடுமாறுகிறது. செம்பைவிடப் பித்தளை கடினமாக இருப்பது இதனால்தான்.

மூன்றாம் வழி, மணிகளைச் சிறிதாக்குவது. ஒரு மணியில் உள்ள அணிவகுப்பின் திசையும் அடுத்த மணியில் உள்ள திசையும் வேறு வேறு. எல்லைக்கு வந்த இடப்பிறழ்வு அங்கே நின்றுவிடும். மணி சிறிதானால் எல்லைகள் பெருகும். ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் கண்ட விதிப்படி, மணியின் விட்டம் நான்கில் ஒரு பங்கானால் எல்லைகளால் கிடைக்கும் வலிமை இரு மடங்காகிறது.

கொல்லர் அறிந்த இரகசியம்

நான்காம் வழி ஊசியில் நாம் செய்தது. இரும்பில் கரியணு மிகச் சிறியது. இரும்பணுக்களுக்கு இடையில் உள்ள பொந்துகளில் அமரும். முகமைய அடுக்கு நெருக்கமானதுதான். ஆனால் அதில் உள்ள பொந்துகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை. பொருள்மைய அடுக்கில் காலியிடம் மிகுதி. ஆனால் அது பல சிறு மாடங்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே சூடான முகமைய இரும்பு 2 விழுக்காடுவரைகூடக் கரியை ஏற்கும். ஆறிய பொருள்மைய இரும்போ 0.02 விழுக்காடுகூட ஏற்பதில்லை.

காய்ச்சிய ஊசி மெதுவாக ஆறும்போது, கரியணுக்கள் வெளியேறி இரும்புடன் கூடித் தனித்தனித் திட்டுகளாக ஒதுங்கிவிடுகின்றன. எஞ்சிய இரும்பு மென்மையாகிறது. தண்ணீரில் தோய்த்தாலோ அவற்றுக்கு வெளியேற நேரமில்லை. கதவு சாத்தப்பட்ட வீட்டில் அகப்பட்டவர்களைப்போல மாட்டிக்கொள்கின்றன. அவற்றின் நெருக்கலால் கனசதுரம் ஒரு பக்கம் நீண்டு கோணலாகிறது. இந்த விறைத்த அமைப்புக்கு, ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் நினைவாக 'மார்ட்டென்சைட்' என்று பெயர். இதில் இடப்பிறழ்வுகள் நகரவே முடியாது. ஊசி மிகக் கடினமாகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிடுகிறது.

மறுபடி இளஞ்சூடு காட்டினால், அடைபட்ட கரியணுக்களில் ஒரு பகுதி மெல்ல வெளியேறி நுண்துகள்களாகிறது. கோணல் தளர்கிறது. கடினம் சற்றுக் குறைந்து, வளைந்து கொடுக்கும் தன்மை திரும்புகிறது. நீல நிறம் ஏறத்தாழ 300 டிகிரியைக் காட்டும் அடையாளம். அந்த நிறங்கள் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருபவை.

ஒருமுறை மாணவர்களுடன் ஒரு கொல்லுலைக்குச் சென்றிருந்தேன். அரிவாளைத் தோய்த்து எடுத்த முதியவர், அதை மறுபடியும் உலையோரம் காட்டி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். "எதற்கு ஐயா மறுபடியும் சூடு?" என்று கேட்டேன். "முறுக்கு ஏத்தினா மட்டும் போதாது சார். கொஞ்சம் இறக்கவும் தெரியணும். இல்லேன்னா முதல் வெட்டுலயே பல்லு போயிடும்" என்றார். அணுவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஷெனெக்டடி கப்பலின் கதையில் கற்க வேண்டிய பாடம் அந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது.

குளிர் செய்த வேலை

இப்போது கப்பலுக்குத் திரும்புவோம். ஷெனெக்டடி தனியொரு விபத்து அன்று. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் 'லிபர்ட்டி' என்னும் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டப்பட்டன. போர்க்கால அவசரத்தில், தகடுகளைத் தறையாணி என்னும் ரிவெட்டுகளால் இணைப்பதை விட்டு, வெல்டிங் செய்து கட்டினர். இவற்றிலும் இதே காலத்தில் கட்டிய மற்றக் கப்பல்களிலும் பலவற்றில் விரிசல்கள் கண்டன. சில இரண்டாகவே முறிந்தன. 1943 நவம்பரில் 'ஜான் பி. கெயின்ஸ்' என்னும் லிபர்ட்டிக் கப்பல் கடலில் முறிந்து மூழ்கியதில் பத்துப் பேர் மாண்டனர்.

பழி முதலில் வெல்டிங்கின் மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் துறையில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் பெண் அறிஞர் இதை ஆராய்ந்தார். திருமணத்துக்கு முன் கான்ஸ்டன்ஸ் இலாம் என்ற பெயரில், டெய்லருடன் சேர்ந்து, ஒற்றை அலுமினியப் படிகத்தை இழுத்து, அது எந்தத் தளத்தில் எந்தத் திசையில் சறுக்குகிறது என்று 1923இல் காட்டியவர் இவரே. படிகச் சறுக்கலை நன்கு அறிந்தவர் கையில் கப்பல் தகடு வந்து சேர்ந்தது.

அவர் கண்டது இது: அறைச்சூட்டில் நன்றாக வளைந்து கிழியும் அதே எஃகு, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குக் கீழே போனதும் நொறுங்கி முறிகிறது. அக்காலக் கப்பல் தகடுகளுக்கு அந்த எல்லை, குளிர்காலக் கடல்நீரின் வெப்பநிலை அளவிலேயே இருந்தது.

ஏன் அப்படி? பொருள்மைய அடுக்கில் சறுக்குத் தளங்கள் அவ்வளவு வழவழப்பானவை அல்ல. இடப்பிறழ்வு ஒவ்வோர் அணுவரிசையையும் ஒரு சிறு மேட்டைத் தாண்டுவதுபோல் தாண்ட வேண்டும். அதற்குக் கைகொடுப்பது அணுக்களின் வெப்ப அதிர்வு. குளிர்ந்தால் அதிர்வு குறைகிறது. இடப்பிறழ்வு நகர மறுக்கிறது. முகமைய அடுக்கில் தளங்கள் நெருக்கமும் வழவழப்பும் உடையவை. அங்கே வெப்பத்தின் உதவி அதிகம் தேவையில்லை. அதனால்தான் செம்பும் அலுமினியமும் கடுங்குளிரிலும் வளைகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடப்பிறழ்வு நகராவிட்டால் உலோகம் மேலும் வலுவாகிறது என்று சற்று முன்தானே சொன்னோம்? ஆம், குளிரில் எஃகின் வலிமை கூடத்தான் செய்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எந்தத் தகட்டிலும் ஒரு கீறலோ கூர்மையான மூலையோ இருக்கும். இழுவிசை அந்த முனையில் வந்து குவியும். இடப்பிறழ்வுகள் ஓட முடிந்தால், முனையில் உள்ள உலோகம் சற்று இளகி நீண்டு, கூர்மையை மழுக்கிவிடும். விரிசல் அங்கேயே நிற்கும். ஓட முடியாவிட்டால், குவிந்த விசை அணுப்பிணைப்புகளையே ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கும். பிறகு விரிசல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஷெனெக்டடி எழுப்பிய இடியோசை அந்த ஓட்டத்தின் ஓசையே.

வெல்டிங்குக்கும் இதில் பங்கு உண்டு. அரைகுறையாகப் பற்றவைத்த இடங்கள் தொடக்கக் கீறல்களாயின. ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டின் விளிம்பில் விரிசல் நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ முழுவதும் ஒரே தகடு போன்றது. லிபர்ட்டிக் கப்பல்களின் சரக்கறை வாய்களில் இருந்த சதுர மூலைகளும் விசையைக் குவித்தன. ஆனால் இவை எல்லாம் தீப்பொறிகள். எரியக் காத்திருந்த வைக்கோல், குளிரில் நொறுங்கும் எஃகு.

ஊசலாடும் சம்மட்டி

இழுத்துப் பார்க்கும் சோதனை இந்தக் குறையைக் காட்டவில்லை. ஏனெனில் அதில் விசை மெதுவாக ஏறுகிறது, கீறலும் இல்லை. இதற்கு உதவியது, பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ப்பி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறைப்படுத்திய சோதனை. 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டுத் தடம் இடுவர். ஊசல்போல் தொங்கும் கனத்த சம்மட்டி உயரத்திலிருந்து வீசி வந்து அதை உடைக்கும். உடைத்த பின் மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பர். இரண்டு உயரங்களின் வேறுபாட்டை எடையால் பெருக்கினால், உடைபடும்போது எஃகு விழுங்கிய ஆற்றல் தெரிந்துவிடும். நீங்கள் பள்ளியில் படித்த நிலையாற்றல் கணக்குதான்!

அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகம், முறிந்த கப்பல்களிலிருந்து தகடுகளை வெட்டி எடுத்து, முறிந்தபோது இருந்த வெப்பநிலையில் இவ்வாறு சோதித்தது. விரிசல் தொடங்கிய தகடுகள் மிகக் குறைந்த ஆற்றலையே விழுங்கின. விரிசல் ஊடுருவிப் போன தகடுகள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக விழுங்கின. விரிசலைத் தடுத்து நிறுத்திய தகடுகளே மிகுதியாக விழுங்கின. சுமார் 20 ஜூல் என்பது ஆபத்துக்கும் பாதுகாப்புக்கும் இடைப்பட்ட எல்லையாகத் தெரிந்தது.

மருந்து கிடைத்தது. கரி, கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினர். மணிகளைச் சிறிதாக்கினர். மற்ற வழிகள் எல்லாம் எஃகின் வலிமையைக் கூட்டினால் அடிதாங்கும் திறனைக் குறைத்துவிடும். மணியைச் சிறிதாக்குவது ஒன்றுதான் இரண்டையும் ஒருசேரக் கூட்டும். உருட்டாலையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டி, உடனே நீர் தெளித்து ஆற்றி, மணிகளைச் சிறிதாக்குவது இன்றைய முறை. சாதாரண வலிமையுள்ள கப்பல் எஃகிலும் தர வரிசை உண்டு: 'டி' தரம் பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரியிலும், 'இ' தரம் கீழ் 40 டிகிரியிலும் குறைந்தது 27 ஜூல் விழுங்க வேண்டும்.

இன்னும் கடுங்குளிர் என்றால், கலவையையோ அடுக்கையோ மாற்ற வேண்டியதுதான். சென்னைக்கு அருகே எண்ணூரில் 2019இல் திறக்கப்பட்ட முனையத்துக்குக் கப்பலில் வரும் திரவ இயற்கை வாயு, பூச்சியத்துக்குக் கீழ் 162 டிகிரியில் இருக்கிறது. இந்த அளவு குளிருக்கு 9 விழுக்காடு நிக்கல் சேர்த்த எஃகு, முகமைய வகை எவர்சில்வர் எஃகு, அலுமினியம் போன்றவற்றைப் பயன்படுத்துவர். மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்களின் சோதனைக்குப் பயன்படும் திரவ ஹைட்ரஜனோ கீழ் 253 டிகிரியில் கொதிக்கிறது. அதைச் சாதாரண எஃகுக் கலத்தில் ஊற்றுவது, ஷெனெக்டடியை மறுபடியும் உடைத்துப் பார்ப்பதற்குச் சமம்.

உங்கள் வீட்டுக் கம்பியில்

நம் ஊரில் கடல் உறைவதில்லை. நமக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டாம். வீடு கட்டுமிடங்களில் 'டி.எம்.டி. கம்பி' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உருட்டாலையிலிருந்து சுமார் 1,000 டிகிரிச் சூட்டில் வரும் கம்பியின்மேல் சில நொடிகள் நீரைப் பாய்ச்சுவர். மேற்பரப்பு மட்டும் குளிர்ந்து மார்ட்டென்சைட் ஆகிறது. உள்ளே தேங்கிய சூடு வெளியே வந்து, அந்த மேற்பரப்பைத் தானே பதப்படுத்திவிடுகிறது. கொல்லர் இரண்டாம் முறை காட்டும் சூட்டின் வேலையை இது செய்கிறது. உட்பகுதி மெதுவாக ஆறி இளக்கமாக இருக்கிறது. வெளியே கடினம், உள்ளே நெகிழ்வு. குறுக்கே வெட்டி மெருகேற்றி, நீர்த்த அமிலம் தடவினால் கருமையான வளையம் ஒன்று தெரியும்.

500 என்று எண் பொறித்த கம்பி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவிசைவரை நிலையாக நீளாமல் தாங்க வேண்டும் என்று இந்தியத் தரம் சொல்கிறது. அதனோடு நிற்பதில்லை; அறுவதற்கு முன் குறைந்தது 12 விழுக்காடு நீள வேண்டும் என்றும் சொல்கிறது. 'டி' எழுத்துச் சேர்ந்த 500 வகையானால் 16 விழுக்காடு. நிலம் அதிரும்போது கம்பி நீண்டால், கட்டடம் விரிசல் விட்டுச் சாய்ந்தாவது நிற்கும். உள்ளிருப்பவர் வெளியே ஓட நேரம் கிடைக்கும். சட்டென்று அறும் கம்பி அந்த நேரத்தைத் தருவதில்லை.

ஆகவே கட்டுமிடத்தில் யாராவது கம்பியை எளிதாக வளைப்பதற்காகச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் தடுத்து நிறுத்துங்கள். ஆலையில் நீரும் நெருப்பும் சேர்ந்து செய்த அணிவகுப்பை அந்தச் சுடர் ஒரு நிமிடத்தில் கலைத்துவிடும். கம்பி பார்வைக்கு முன்போலவே இருக்கும், எடையும் குறையாது. ஆனால் அது வேறு பொருள். அதைக் கண்ணால் காண முடியாது. ஊசிச் சோதனையைச் செய்து பார்த்தவருக்கு மட்டும் புரியும்.

உடைந்த ஷெனெக்டடியைப் பழுதுபார்த்து மறுபடியும் கடலில் விட்டார்கள். அது பின்னர்ப் பல்லாண்டு உழைத்தது. அன்று அதற்குக் குறைந்தது வலிமை அன்று. வேளை வரும்போது சற்றே விட்டுக்கொடுக்கும் தன்மை அந்தக் குளிரில் அதனிடம் இல்லாமல் போயிற்று. அடுத்த முறை கொல்லுலைப் பக்கம் போனால், முதியவர் எந்த நிறத்தில் சூட்டை நிறுத்துகிறார் என்று நின்று பாருங்கள்.